அவர் போகும்போது புயல் இல்லை

2017 டிசம்பர் நடுவில் ஒரு நாள் இன்னொருவருக்காக ஒரு படிவம் நிரப்பினேன். எங்கள் வீட்டுக்குப் பல வருஷமாகக் கடவத்தில் மீன் கொண்டுவரும் அக்கா அன்றைக்குக் கடவம் இல்லாமல் வந்திருந்தார். கையில் நாலாக மடித்த ஒரு தாள். அவருடைய கணவர் தங்கல் தொழிலுக்குப் போகும் விசைப்படகு ஒன்றில் பங்குக்கு வேலை செய்தவர். அவர் கரையை விட்டு ஒரு மாசம் ஆகியிருந்தது. ஒக்கி அடித்து ரெண்டு வாரம்.

படிவத்தில் பெயர், வயது, படகின் பதிவு எண், கரையை விட்ட தேதி, கடைசியாகப் பேசிய தேதி என்று கேள்விகள் வரிசையாக வந்தன. அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில் 'காணாமல் போனதற்கான காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம். அதை அவரிடம் கேட்கவே இல்லை. 'புயல்' என்று எழுதி முடித்துவிட்டேன். எழுதியதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“புயலுன்னா எழுதுன மக்களே? அவரு போவும்ப புயலு இல்லியே. கடலு எண்ண மாதிரில்லா கெடந்துது.”

“காரணம்னா அதுதானே அக்கா.”

“அப்படி எழுதுனா, புயல்ல எதுக்குப் போனான்னு கேப்பானுவல்லா?”

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அதே கேள்வியை ரெண்டு வாரம் முன்னால் டீக்கடையில் கேட்ட ஆட்களில் நானும் ஒருவன்.

*

இராஜாக்கமங்கலத்துக்கும் இராஜாக்கமங்கலம் துறைக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். ஆனால் ஊர்க்காரனுக்குத் துறை என்பது மீன் வரும் திசை, அவ்வளவே. நவம்பர் 30 அன்று எங்களுக்கும் அடி விழுந்தது. தென்னையும் ரப்பரும் சாய்ந்தன, ஏத்தன் வாழை மொத்தமாகப் படுத்துவிட்டது, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நாங்கள் எங்கள் வாழையை எண்ணிக்கொண்டிருந்தோம். கடலில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது பேச்சில் வந்தபோது, “சொல்லியும் கேக்காமப் போனா யாரு என்ன செய்ய?” என்று ஒருத்தர் சொன்னார். நான் தலையாட்டினேன். தலையாட்டியது மட்டுமில்லை, “மீனவங்களுக்கு எச்சரிக்கை எல்லாம் விளையாட்டு” என்று என் பங்குக்கும் ஒன்று சொன்னேன். எதுவும் தெரியாமல் சொன்னது.

நடந்தது இதுதான். இலங்கைக்குத் தென்கிழக்கே நவம்பர் 29 அன்று ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. 30ஆம் தேதி காலையிலேயே அது குமரிக் கடலில் புயலாகிவிட்டது. ஒரே நாளுக்குள். 29ஆம் தேதி மீனவர்களுக்கான எச்சரிக்கை வெளியானது உண்மை. ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் ஆழ்கடல் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே போயிருந்தன. கரையிலிருந்து அத்தனை தூரத்தில் செல்போன் கிடையாது, சாதாரண வயர்லெஸும் எட்டாது. அக்காவின் கணவர் போனது நவம்பர் நடுவில். அப்போது அந்தப் புயலுக்குப் பெயரே இல்லை.

அக்கா அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சொன்னதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. தமிழில் 'காரணம்' என்ற ஒரே சொல்லில் ரெண்டு விஷயம் அடங்கிக் கிடக்கிறது. படகு ஏன் கவிழ்ந்தது என்பதற்கும் காரணம் என்கிறோம், அவர் ஏன் அங்கே இருந்தார் என்பதற்கும் காரணம் என்கிறோம். முதலாவது காற்றையும் அலையையும் பற்றியது. ரெண்டாவது ஒரு மனிதன் யோசித்து எடுத்த முடிவைப் பற்றியது. நான் முதலாவதை எழுதி ரெண்டாவதை அழித்திருந்தேன். இந்தக் கட்டுரை அந்த ரெண்டாவது காரணத்தைப் பற்றித்தான்: கடலில் போனவனின் காரணத்தை விசாரிக்க வேண்டிய கடமை யாருக்காவது உண்டா? ஆள் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகு அந்த விசாரணையால் என்ன பயன்?

*

புயலில் கப்பல் போனால் விசாரிப்பது என்ற பழக்கம் பாய்மரக் காலத்திலேயே இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் அதற்கென்று விசாரணை மன்றங்கள் இருந்தன. பிற்பாடு நம் நாட்டின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்திலும் முதலில் ஆரம்பகட்ட விசாரணை, தேவைப்பட்டால் நீதிமன்ற விசாரணை என்ற ஏற்பாடு வந்தது. கப்பல் கடலுக்குத் தகுதியாக இருந்ததா, அளவுக்கு மேல் சரக்கு ஏற்றினார்களா, மாலுமி கவனமாக ஓட்டினாரா என்று மன்றம் கேட்கும். தப்பு மாலுமி மேல் என்றால் அவருடைய சான்றிதழை ரத்து செய்யலாம்.

கல்கத்தாவில் இப்படிப்பட்ட விசாரணை மன்றத்துக்குத் தலைவராக இருந்தவர் ஹென்றி பிடிங்டன். அதற்கு முன்பு வணிகக் கப்பலில் கேப்டனாக இருந்தவர். இன்று நாம் சொல்லும் 'சைக்ளோன்' என்ற சொல்லை உண்டாக்கியவர் அவர்தான். சுருண்டு கிடக்கும் பாம்பை நினைத்து, கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். 1848இல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய புத்தகத்தோடு, ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகளையும் சேர்த்துத் தந்தார். புயல் சுழலும் வட்டம் அதில் வரையப்பட்டிருக்கும். கடல் வரைபடத்தின் மேல் தகட்டை வைத்துப் பார்த்தால், தன் கப்பல் புயலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மாலுமி தெரிந்துகொள்ளலாம்.

அவருக்கு இந்த அறிவு எங்கிருந்து வந்தது? கப்பல்களின் நாட்குறிப்புகளிலிருந்து. புயலில் மாட்டிய கப்பல்களின் குறிப்பேடுகளைத் தேடிச் சேர்த்து, எந்த மணிக்குக் காற்று எந்தத் திசை, பாரமானி எவ்வளவு, எந்தப் பாயை இறக்கினார்கள் என்று வரிவரியாகப் படித்தார். அதில் ஒன்று 'சார்லஸ் ஹெடில்' என்ற பாய்மரக் கப்பலின் குறிப்பேடு. 1845 பிப்ரவரியில் மொரிஷியஸ் பக்கம் அது புயலில் சிக்கியது. கப்பலின் பின்புறத்தைக் காற்றுக்குக் காட்டி, காற்று தள்ளும் திசையிலேயே ஓடவிட்டார் கேப்டன். அது அன்றைய மாலுமிகளுக்குத் தெரிந்த வழிதான். ஆனால் காற்றே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கப்பல் நாள்கணக்கில் ஓடி, புயலின் மையத்தையே ஐந்து தடவை சுற்றி வந்தது.

கரையில் உட்கார்ந்து ஒருவன், “புயலை விட்டு விலகாம அஞ்சு சுத்து சுத்தியிருக்கான், என்ன மாலுமி இவன்?” என்று சொல்லிவிடலாம். குறிப்பேட்டைப் படித்தால் அப்படிச் சொல்ல முடியாது. கப்பல் தளத்தில் நின்றவனுக்குத் தெரிந்தது காற்று அடிக்கும் திசை மட்டும்தான். வட்டம் தெரிந்தது, பிறகு வரைபடத்தின் மேல் கோடு போட்டவருக்கு. நல்ல விசாரணைக்கு முதல் பாடம் இதுதான் என்று நினைக்கிறேன். முடிவைத் தெரிந்துகொண்டு ஆளை எடை போடக்கூடாது. அந்த மணியில் அவன் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ அதை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

*

அடுத்த பாடம் மீனவர்களுடைய கதையிலிருந்து வருகிறது. 1848 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், மோரே வளைகுடாவில், ஒரே இரவில் அடித்த புயலில் 100 மீனவர்கள் இறந்தார்கள், 124 படகுகள் போயின. எல்லாம் மேல்தளம் இல்லாத திறந்த பாய்மரப் படகுகள். பிரிட்டிஷ் அரசு கேப்டன் ஜான் வாஷிங்டன் என்ற கடற்படை அதிகாரியை விசாரிக்க அனுப்பியது.

மேலோட்டமாகக் கேட்கக்கூடிய கேள்வி, “திறந்த படகுல ஏன் போனீங்க?” என்பது. வாஷிங்டன் அதைக் கேட்டார், கேட்டதோடு நிற்கவில்லை. கடல் வற்றும் நேரத்தில் துறைமுகங்களில் தண்ணீர் இல்லை என்பதையும் எழுதினார். விக் என்ற ஊரில் பல பேர் துறைமுக வாசல் வரை வந்து, உள்ளே நுழைய முடியாமல் இறந்தார்கள். துறைமுகம் வற்றிப்போகும் ஊரில் மேல்தளம் போட்ட கனமான படகை வைத்துக்கொண்டு மீனவன் என்ன செய்வான்? லேசான படகு அவனுக்கு முட்டாள்தனம் இல்லை, அந்தத் துறைமுகத்துக்கு ஏற்ற கணக்கு. படகை மாற்றச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் துறைமுகத்தை ஆழமாக்க வேண்டும்.

'அவன் ஏன் போனான்?' என்று தொடங்கிய விசாரணை 'அவன் திரும்பி வர ஏன் இடம் இல்லை?' என்பதில் போய் முடிந்தது. போனவனின் காரணத்தைக் காது கொடுத்துக் கேட்டதால்தான் அந்த ரெண்டாவது கேள்விக்குப் போக முடிந்தது. குமரிக் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுப் படகுகள் கவிழ்ந்து ஆட்கள் இறந்ததும், அதற்காக மீனவர்கள் ரோட்டுக்கு வந்து போராடியதும் அவர்களுக்குத் தெரியும்.

விசாரணையே இல்லாமல் போனால் 'புயல்' என்ற சொல் யாருக்கு உதவும் என்பதற்கும் அந்தக் காலத்திலேயே உதாரணம் இருக்கிறது. பழுதான கப்பலில் அளவுக்கு மேல் சரக்கை ஏற்றி, நல்ல தொகைக்கு இன்ஷூரன்ஸ் போட்டு அனுப்பும் முதலாளிகள் இருந்தார்கள். கப்பல் மூழ்கினால் புயல் மூழ்கடித்தது. இதை எதிர்த்து சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1873இல் புத்தகம் எழுதிக் கிளப்பினார். 1876இல் வந்த சட்டத்துக்குப் பிறகு கப்பலின் பக்கவாட்டில் சரக்கு அளவுக்கோடு போட வேண்டியதாயிற்று. இன்றும் கப்பல்களில் அந்தக் கோடு இருக்கிறது. அதற்கு முந்தைய நிலைமை என்ன தெரியுமா? வேலைக்கு ஒப்பந்தம் போட்ட பிறகு, கப்பலைப் பார்த்து 'இது மூழ்கும்' என்று ஏற மறுத்த மாலுமிகள் ஜெயிலுக்குப் போனார்கள். ஏறியவன் கடலுக்குள், ஏறாதவன் ஜெயிலுக்குள். இந்த ரெண்டுக்கும் நடுவில் நின்றவனைப் பார்த்து, “நீயா விரும்பித்தானே போன?” என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது? பங்குக்குப் போகிறவனின் நிலைமையும் தூரத்துச் சொந்தம்தான். போகாத நாளுக்குப் பங்கு இல்லை.

*

இங்கே ஒரு எதிர்க்கேள்வி நியாயமாகவே வரும். எச்சரிக்கை கொடுக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களும் மனிதர்கள்தானே?

ஆமாம். அதே அளவுகோலை அவர்களுக்கும் வைக்க வேண்டும். 1859 அக்டோபரில் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் வேல்ஸ் கரையில் புயலில் உடைந்து நானூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, ராபர்ட் ஃபிட்ஸ்ராய் தந்தி மூலம் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையை 1861இல் தொடங்கினார். டார்வின் பயணம் செய்த 'பீகிள்' கப்பலின் கேப்டன் அவர்தான். எச்சரிக்கை வந்தால் துறைமுகத்தில் கூம்பு வடிவ அடையாளம் ஏற்றுவார்கள். டிவியில் இன்றும் நாம் கேட்கும் 'பாம்பனில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்ற செய்தி அந்த வழியில் வந்ததுதான்.

அவருடைய கணிப்புகள் பல தடவை தப்பின. படகைக் கட்டிப்போட்டால் வருமானம் போகிறது என்று மீன்பிடிப் படகு முதலாளிகள் எரிச்சலானார்கள், பத்திரிகைகள் கிண்டலடித்தன. 1865இல் ஃபிட்ஸ்ராய் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த வருஷம் ஒரு விசாரணைக் குழு, இந்தக் கணிப்புகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று சொல்ல, எச்சரிக்கை நிறுத்தப்பட்டது. அப்போது கரையோர மக்களிடமிருந்துதான் எதிர்ப்பு வந்தது. 1867இல் புயல் எச்சரிக்கையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. தப்பலாம் என்று தெரிந்தும் கடலுக்குப் போகிறவர்கள் அந்த எச்சரிக்கையைக் கேட்டார்கள். எச்சரிக்கை அவர்களுக்கு விளையாட்டு என்று டீக்கடையில் சொன்ன எனக்கு இதில் பாடம் இருக்கிறது.

ஆகவே ஒரே நாளில் புயலாக மாறிய ஒன்றை இன்னும் முன்னால் கணித்திருக்க வேண்டும் என்று வானிலைக்காரர் மேல் பாய நான் தயாரில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அவருக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அவரையும் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் எந்த மணிக்கு என்ன பார்த்தார், என்ன எழுதினார், யாருக்கு அனுப்பினார் என்பது எல்லாம் தாளில் இருக்கிறது. அவருடைய காரணத்துக்குச் சாட்சி இருக்கிறது. அக்காவின் கணவருக்கு இல்லை. மொரிஷியஸ் கேப்டனை ஒரு குறிப்பேடு காப்பாற்றியது. இங்கே குறிப்பேடு இல்லை, படகும் வரவில்லை, கூடப் போனவர்களும் வரவில்லை. ஆதாரம் இல்லாத இடத்தில் தீர்ப்பு யார் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம். எதிர்த்துப் பேச முடியாதவன் பக்கம்தான் பழி வழுக்கிப் போகும்.

*

ஒக்கி நேரத்தில் கரை ஊர்கள் செய்த முதல் வேலை பட்டியல் போடுவது. யார் போனார்கள், எந்தப் படகில், என்றைக்கு என்று கோயில் வளாகங்களில் வைத்து எழுதினார்கள். அரசு சொன்ன எண்ணிக்கைக்கும் அவர்கள் எண்ணிக்கைக்கும் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் நடந்ததற்கு, தேடுதலை விரைவுபடுத்து என்ற கோரிக்கையோடு இந்த எண்ணிக்கை வேறுபாடும் காரணம். அப்போது எனக்கு அது ஒரு சண்டையாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், எழுதப்படாத ஒரு கப்பல் குறிப்பேட்டைக் கரையிலிருந்து எழுத முயன்றார்கள் என்று தோன்றுகிறது.

2018இல் உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஒக்கியைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை கொடுத்தது. 2019இல் ஆழ்கடலுக்குச் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் 'ஜெமினி' கருவி வந்தது. காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சாட்சியச் சட்டம் 7 ஆண்டு கேட்கும், அதுவரை காத்திருக்காமல் குடும்பங்களுக்கு நிவாரணமும் கொடுக்கப்பட்டது. இவை சின்ன விஷயம் இல்லை. 'எச்சரித்தோம், அவர்கள் கேட்கவில்லை' என்பதோடு பேச்சு முடிந்திருந்தால், எச்சரிக்கை எட்டாத தூரம் ஒன்று இருக்கிறது என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எட்டாது என்று எழுதினால்தான் எட்ட வைக்க ஒரு கருவி வேண்டும் என்று தோன்றும். உயிரோடு இருக்கிறவர்களுக்கு விசாரணையால் உள்ள பயன் அது.

இறந்தவருக்கு? எனக்குத் தோன்றுவது, அவரை யோசிக்கத் தெரிந்த ஒரு மனிதராகக் கடைசியாக ஒரு தடவை நடத்துவது. 'விதி, இயற்கை' என்று சொன்னால் அவர் வெறும் பலி. 'சொல்லியும் போனான்' என்றால் அவர் முட்டாள். ரெண்டிலும் அவருடைய கணக்குக்கு இடம் இல்லை. கடல் எப்படிக் கிடந்தது, டீசல் எவ்வளவு இருந்தது, வீட்டில் என்ன கடன், எந்தப் பக்கம் மீன் இருக்கும் என்று அவர் போட்ட கணக்கு ஒன்று இருந்தது. அதைக் கேட்டுவிட்டு, அதில் தப்பு இருந்தால் தப்பு என்றும் சொல்லலாம். கேட்காமல் சொல்வதுதான் அநியாயம்.

கடலம்மா எடுத்துக்கொண்டாள் என்று கரையில் சொல்வதுண்டு. அக்காவும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இழந்தவர் சொன்னால் அது ஆறுதல். அதையே அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருத்தர் சொன்னால் அது கோப்பை மூடுகிற வேலை. டீக்கடையில் நான் சொன்னதும் அந்த ரகம்தான்.

*

அன்றைக்கு அந்தக் கட்டத்தில் எழுதியதை அடித்துவிட்டு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அக்கா சொன்னதை அப்படியே எழுதினேன். நவம்பர் நடுவில் கடல் நன்றாக இருந்தபோது போனார், அதன் பிறகு கரையிலிருந்து அவருக்கு எந்தத் தகவலும் போய்ச் சேரவில்லை, அப்புறம் புயல் வந்தது. கட்டத்தில் இடம் போதாமல் தாளின் ஓரத்தில் இறங்கி, பின்பக்கம் போய் முடிந்தது. திரும்ப வாசித்துக் காட்டினேன். “இது சரி” என்றார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். படிவத்தை வாங்கியவர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு எதுக்கு? புயல்னு ஒரு வார்த்தை போதுமே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அவருக்கு முன்னால் நிறையப் படிவங்கள் இருந்தன. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா, “இருக்கட்டும் சார், அதையும் சேத்து வையுங்க” என்றார். அவர் அதைக் கட்டின் மேல் வைத்தார்.